பத்து வெள்ளியும் ஒரு நல்ல பெயரும்

பேராக், சுங்கை சிப்புட்டில் 1919இல் ரப்பர் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர் துன் வீ.தி.சம்பந்தன். 1955இல் ம.இ.கா. தலைவரானார், அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

அந்தக் காலகட்டத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். பாட்டாளிகள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தனர்.

தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார் சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்க்க வேண்டும். மரம் சீவிச் சேர்த்த காசை யாரை நம்பிக் கொடுப்பது? தோட்டம் தோட்டமாகச் சென்று அவரே விளக்கினார். அவர் பெயரை நம்பிக் கொடுத்தார்கள்.

கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. சொன்ன சொல் நிலமாக நின்றது. மற்றத் தோட்டத்தாரும் சேர்ந்தனர்.

1979 மே 18இல் அவர் மறைந்தார். சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.