சிலேட்டும் முழங்கையும்

எனக்குக் கணக்குன்னாலே பயம். சார் பத்து கணக்கு கொடுத்தா, கைடைப் பார்த்து எழுதிடுவேன். கணிதமேதை இராமானுஜன் வாழ்க்கையைப் படிச்சதும் வெட்கமாப் போச்சு.

அவர் 22.12.1887 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். 1903-ல் கார் என்பவர் எழுதிய கணித நூல் இராமானுஜனுக்குக் கிடைத்தது. அதில் சுமார் 5,000 சூத்திரங்கள். ஆனால் எப்படி வந்ததுன்னு விளக்கம் ரொம்பக் குறைவு. அவர் ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் விலை அதிகம். அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

கணக்கிலேயே மூழ்கியதால் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்றார். உதவித்தொகையும் போச்சு. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். அப்பவும் கணக்கை விடவில்லை. 1913-ல் இங்கிலாந்தில் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் சூத்திரங்களை அனுப்பினார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 26.4.1920 அன்று 32 வயதிலேயே மறைந்தார்.

தோழிகளே, பார்த்து எழுதினா கைதான் பழகும், மூளை பழகாது. நேத்து ஒரு காரணிக் கணக்கைச் சிலேட்டில் போட்டேன். மூணு தடவை தப்பு. நாலாவது தடவை சரியா வந்தது. கைடைத் திறக்கவே இல்லை. இன்னும் ஒன்பது கணக்கு பாக்கி.