சங்கரதாஸ் சுவாமிகள்: மைக் இல்லாத காலத்தில் பாடகர்களை உருவாக்கிய 'தலைமையாசிரியர்'. யார் இவர்? என்ன செய்தார்?

2019 நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் பாண்டவர் அணி, இன்னொரு பக்கம் சுவாமி சங்கரதாஸ் அணி. அந்தப் பெயரை அப்போது நாள் முழுக்கச் செய்திகளில் கேட்டோம். ஆனால் யார் அந்த சங்கரதாஸ் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் கிராமத்துத் திருவிழாவுக்குப் போய் விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்கு, பெயர் தெரியாவிட்டாலும் அவர் எழுத்து தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியற்காலை முடியும் 'வள்ளி திருமணம்' அவர் எழுதியதுதான். அவர் இறந்து 100 ஆண்டுகள் கடந்துவிட்டன. நாடகம் இன்னும் நடக்கிறது.

ஓபரா என்றால் என்ன? நம்ம ஊரில் அது உண்டா?

கதையைப் பாட்டாகவே பாடி நடிப்பதுதான் ஓபரா. இத்தாலியில் 400 ஆண்டுகளுக்கு முன்பு உருவான கலை. மைக் கிடையாது. முழு இசைக்குழுவின் சத்தத்தையும் தாண்டி, அரங்கத்தின் கடைசி வரிசை வரை பாடகரின் குரல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் ஓபரா பாடகராக வேண்டும் என்றால் பல ஆண்டுகள் முறையான பயிற்சி தேவை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான கலை இசை நாடகம். இங்கேயும் கதை பாட்டில் நகரும். இங்கேயும் மைக் வரும் முன்பு திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆளுக்கொரு வேஷம். பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம்.

இந்தக் கலைக்கு ஒரு பாடத்திட்டம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தலைமுறை மாணவர்கள் என எல்லாவற்றையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

உப்பு கம்பெனி கணக்குப்பிள்ளை

1867 செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ். அப்பா தாமோதரத் தேவர் தமிழ் படித்தவர், ராமாயணப் பிரசங்கம் செய்பவர். முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கணம், இலக்கியம் படித்தார். பதின்பருவத்திலேயே வெண்பா, கலித்துறை எழுதும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

வெண்பா எழுதத் தெரிந்தால் சோறு கிடைத்துவிடுமா? தூத்துக்குடியில் உப்பு கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். கொஞ்ச காலம்தான். 24 வயதில், 1891 வாக்கில், வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

நாடகக்காரர்களுக்குச் சமூகத்தில் மரியாதை இல்லாத காலம் அது. தமிழ் படித்த ஒருவர் அந்தப் பக்கம் போவது வீட்டுக்கும் ஊருக்கும் உவப்பான விஷயமாக இருந்திருக்காது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எமன் வேஷம் போட்டவர் நடிப்பை ஏன் விட்டார்?

ஆரம்பத்தில் சங்கரதாஸ் நடிகர். ராவணன், இரணியன், எமதர்மன், சனீஸ்வரன் என்று மிரட்டும் வேஷங்களே அவருக்கு அமைந்தன. கம்பீரமான உருவம், கனத்த குரல்.

அவர் நடிப்பை நிறுத்தியதற்கு நாடக உலகில் ஒரு கதை சொல்வார்கள். சனீஸ்வரன் வேஷம் போட்ட ராத்திரி, நாடகம் முடிந்து வேஷத்தோடு நீர்நிலைக்குப் போகிறார். விடியற்காலையில் அங்கே வந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்து அதிர்ச்சியில் விழுந்துவிடுகிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இனி வேஷம் கட்டுவதில்லை என்று முடிவு எடுத்தார் என்பதுதான் அந்தக் கதை.

பிறகு துறவு மனநிலையில் கோயில் கோயிலாகச் சுற்றினார். அப்போதிருந்துதான் 'சுவாமிகள்'. மேடைக்கு முன்னால் நின்றவர், திரும்பி வந்தபோது மேடைக்குப் பின்னால் நின்றார். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியராக மாறிவிட்டார்.

புதுக்கோட்டையில் கற்ற தாளம்

வழியில் ஒரு முக்கியமான நிறுத்தம் புதுக்கோட்டை. அங்கே இருந்தவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்ற வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த லய மேதை. சங்கரதாஸைத் தன் மகனைப் போலவே வைத்துக்கொண்டார்.

அங்கே கற்ற தாள நுணுக்கமும் திருப்புகழ்ச் சந்தமும்தான் பிறகு அவர் நாடகப் பாட்டுகளில் முதுகெலும்பாக நின்றன. வீட்டில் கிடைத்த தமிழோடு தாளமும் சேர்ந்தது. இரண்டும் தெரிந்த நாடக ஆசிரியர் என்பதுதான் அவர் தனிச்சிறப்பு.

'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'அல்லி அர்ஜுனா', 'லவகுசா', 'பிரகலாதன்' என அவர் எழுதிய நாடகங்கள் சுமார் 40 என்று சொல்லப்படுகிறது.

பெரியவர்களை விட்டுவிட்டு சிறுவர்களிடம் போனது ஏன்?

அந்தக் காலத்து நாடக மேடையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பேர் வாங்கிய நடிகர்கள் எழுதியதைப் பேச மாட்டார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். கதை ஒரு பக்கம் போகும், நாடகம் இன்னொரு பக்கம் போகும்.

வளர்ந்தவர்களைத் திருத்த முடியாது என்று தோன்றியபோது சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா சிறு வயதில் இதில் பயின்றவர்களில் ஒருவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. அதில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. பின்னாளில் அவ்வை வேஷத்தால் 'அவ்வை சண்முகம்' என்று புகழ்பெற்றவர் இவர்தான்.

இவைதான் 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் சொன்ன அமைப்புகள். சாப்பாடு, தூக்கம், பாடம், ஒத்திகை எல்லாம் ஒரே இடத்தில். ஒரு ஊரில் கொட்டகை போட்டுச் சில மாதம், அப்புறம் அடுத்த ஊர்.

பயிற்சி எப்படி இருந்தது?

முதலில் பாடம் மனப்பாடம் ஆக வேண்டும். தன் வேஷம் மட்டும் தெரிந்தால் போதாது, எதிரில் நிற்பவரின் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது உச்சரிப்பு. ல, ள, ழ பிசகினால் சுவாமிகளிடம் தப்ப முடியாது. அப்புறம் தாளம். அதற்கும் மேல் சுருதி.

சுருதியைக் 'கட்டை' கணக்கில் சொல்வார்கள். கச்சேரி பாடும் ஆண்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டை. நாடகப் பாடகர்களோ, ஆண்களாக இருந்தாலும், நாலு கட்டைக்கு மேல் ஏறிப் பாடினார்கள். காரணம் எளிது. உயர்ந்த சுருதிதான் திறந்தவெளியில் தூரம் போகும். கிட்டப்பாவின் பெயர் இன்றும் பேசப்படுவதற்கு அந்த உச்சஸ்தாயிக் குரல்தான் காரணம்.

எழுத்து வேகத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததாக, சண்முகமே பின்னர் பதிவு செய்திருக்கிறார். எந்தப் பையனின் குரல் எவ்வளவு தூரம் ஏறும் என்று தெரிந்த ஆசிரியர், அந்தக் குரலுக்காகவே பாட்டு எழுதினார்.

இதற்குக் கொடுத்த விலை என்ன?

இந்தக் கதையில் பெருமை மட்டும் இல்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் அம்மா அப்பாவை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகச் சுற்றினார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இரவில் கண் விழிப்பு, பகலில் பாடம், கண்டிப்பு. இன்றைய சட்டத்தின் பார்வையில் இது குழந்தைத் தொழில்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதன் பெயர் மகரக்கட்டு. 12 முதல் 15 வயதுக்குள் பையன்களின் குரல்வளை வளரும், குரல்நாண் நீளும், குரல் உடைந்து சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்று வரை கைதட்டல் வாங்கிய பையனுக்கு இன்று பாட முடியாது. வேஷம் அடுத்த பையனுக்குப் போகும்.

இதே ஆட்களைத் திரட்டும் முறை ஐரோப்பாவிலும் இருந்தது. இசைக் கல்லூரியைக் குறிக்கும் 'கன்சர்வேட்டரி' என்ற சொல்லே இத்தாலிய அனாதை இல்லங்களிலிருந்து வந்ததுதான். நேப்பிள்ஸ் நகரில் 16-ம் நூற்றாண்டில் தொடங்கிய நான்கு இல்லங்கள், ஆதரவற்ற சிறுவர்களைப் பாடகர்களாக வளர்த்தன. குரல் உடையாமல் இருக்கச் சிறுவர்களுக்கு விதைநீக்கம் செய்த கொடுமையும் அந்த நாட்டில் நடந்தது. நம் ஊரில் அது இல்லை. இங்கே குரல் உடைந்தவனுக்கு மேடை போனது.

புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவுக்கும் அது நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கியவர், குரல் உடைந்ததும் ஊர் திரும்பி உடற்பயிற்சி, சிலம்பம் என்று போய்விட்டார். பிறகு குரல் மீண்டு வந்து, 1940-ல் 'உத்தமபுத்திரன்' படத்தில் உச்சம் தொட்டார். எல்லாப் பையன்களுக்கும் இப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

சினிமாவும் அரசியலும்

1931-ல் தமிழ் பேசும் படம் வந்தபோது, பின்னணிப் பாடல் கிடையாது. நடிப்பவரே பாட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தயாராக இருந்த ஒரே இடம் நாடக மேடை. 'பவளக்கொடி' 1934-ல் படமானது. தியாகராஜ பாகவதர் அதில்தான் அறிமுகம்.

சுவாமிகள் போட்ட பாதையில் வேறு பல பாய்ஸ் கம்பெனிகளும் வந்தன. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். 1977-ல் அவர் முதல்வரானபோது எந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. தெரியுமா? அருப்புக்கோட்டை.

குரல் போன கடைசி ஆண்டு

ஆயிரம் பாட்டு சொல்லிக்கொடுத்தவருக்கு 1921-ல் பக்கவாதம் வந்தது. கை, கால் முடங்கியது. பேச்சும் போய்விட்டது. வாயால் பாடம் சொன்ன மனிதர், மாணவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டிய நிலை.

1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது 55. திருமணம் செய்துகொள்ளவில்லை, வாரிசும் இல்லை. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து குருபூஜை செய்கிறார்கள். பிற்காலத்தில் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய டி.கே.சண்முகம் அதற்கு வைத்த தலைப்பு, 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்'.

கரிசல் காட்டில் இப்போது என்ன நிலை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி விளையும் காடு. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று குருவி விரட்டும் வள்ளியை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் பொங்கல் சாட்டினால் தலைக்கட்டு வரி வசூலித்து நாடகம் போடுவார்கள்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று. இந்த 'ஸ்பெஷல் நாடக'த்துக்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். அன்றைக்கு ராத்திரிதான் மேடையில் சந்திப்பார்கள். ஆனாலும் நாடகம் தடையில்லாமல் நடக்கும். எல்லோருக்கும் சுவாமிகள் எழுதிய பாடம் தெரியும் என்பதுதான் ரகசியம். நாரதரும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வதும் அந்த அடிப்படையில்தான்.

பாய்ஸ் கம்பெனிகள் இன்று இல்லை. அந்தப் பிள்ளைகளின் பாடுகளை நினைத்தால், இல்லாமல் போனது நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் முழுமையாக வரவில்லை. மேற்கத்திய ஓபரா முறையில் குரல் பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. ராஜபார்ட் ஆக வேண்டும் என்று நினைக்கும் இளைஞர், மதுரையிலோ புதுக்கோட்டையிலோ ஒரு மூத்த கலைஞரைத் தேடிப் பிடித்து, கூடவே இருந்து கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும். திருவிழாக் காலம் முடிந்தால் வருமானமும் முடிந்துவிடும்.

சங்கரதாஸ் விட்டுச்சென்ற பாடம் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைக் கற்க வருகிறவர்களுக்குச் சாப்பாடும் இடமும் சம்பளமும் கொடுக்க ஒரு சபை இல்லை. அவர் பெயரில் ஒரு அணி தேர்தலில் நின்றது. அவர் பெயரால் ஒரு நாடகப் பள்ளி இந்தக் கரிசல் பக்கம் வந்தால், அடுத்த வள்ளியும் நாரதரும் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.