கே. சுப்பிரமணியம் (திரைப்பட இயக்குநர்)

கிருஷ்ணசாமி சுப்பிரமணியம் (ஏப்ரல் 20, 1904 – ஏப்ரல் 7, 1971) தமிழ்த் திரைப்பட இயக்குநரும் தயாரிப்பாளரும் ஆவார். புராணக் கதைகளே பெரும்பாலும் படமாக்கப்பட்டு வந்த காலத்தில் விதவையரின் துயரம், பொருந்தா மணம், தீண்டாமை, நாட்டு விடுதலை ஆகிய சமகாலச் சிக்கல்களைத் திரைக்குக் கொண்டு வந்தவர்களுள் இவர் முதன்மையானவர். இவர் இயக்கிய தியாகபூமி (1939) பிரித்தானிய ஆட்சியாளர்களால் தடை செய்யப்பட்டது. பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி, நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதர் ஆகியோர் இவருடைய படங்கள் மூலமாகவே திரையுலகில் அறிமுகமாயினர்.

இளமைக்காலம்

சுப்பிரமணியம் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். இவருடைய தந்தை கிருஷ்ணசாமி ஐயர் ஒரு வழக்கறிஞர். சுப்பிரமணியமும் சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். எனினும் இவருடைய நாட்டம் நாடகத்திலும் புதிதாக வளர்ந்து வந்த சலனப்படத்திலுமே இருந்தது. சட்டக் கல்வி இவருக்கு வாழ்க்கைத் தொழிலாக அமையவில்லை. ஆனால் நீதிமன்றமும் குடும்பச் சட்டமும் பின்னாளில் இவர் எடுத்த மிக முக்கியமான படத்தின் மையமாக அமைந்தன.

திரைத்துறையில் நுழைவு

பேசாப் படங்களின் இறுதி ஆண்டுகளில் இயக்குநர் ராஜா சாண்டோவுடன் இணைந்து கதை, திரைக்கதைப் பணிகளில் சுப்பிரமணியம் ஈடுபட்டார். சென்னையில் எடுக்கப்பட்ட அப்படங்களில் சமூகக் கதைகளும் இருந்தன. 1931 ஆம் ஆண்டில் வெளியான காளிதாஸ் படத்துடன் தமிழ்ப் பேசும்படக் காலம் தொடங்கியது. மேடை நாடகங்களை அப்படியே படம் பிடிப்பதே அப்போதைய வழக்கமாக இருந்தது.

சுப்பிரமணியம் இயக்கிய முதற்படமான பவளக்கொடியும் (1934) அத்தகைய மேடை நாடகம் ஒன்றின் திரைவடிவமே ஆகும். தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் இதில் முதன்முறையாகத் திரையில் தோன்றினர். பாடல்கள் நிறைந்த இப்படம் பெரும் வெற்றி பெற்றது. அடுத்து நவீன சதாரம் (1935) வெளியானது. பின்னர் மெட்ராஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கார்ப்பரேசன் என்ற பெயரில் சொந்த நிறுவனம் ஒன்றைச் சுப்பிரமணியம் தொடங்கினார். பக்த குசேலா (1936) படத்தில் பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார், எஸ். டி. சுப்புலட்சுமி கிருஷ்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் இரு வேடங்களில் நடித்தார். இப்படங்களின் வெற்றியே பின்னர் துணிவான கதைகளைத் தேர்ந்தெடுக்கத் தேவையான பொருள் வலிமையை இவருக்கு அளித்தது.

பாலயோகினி

1937 ஆம் ஆண்டில் வெளியான பாலயோகினி, சுப்பிரமணியத்தின் திரைவாழ்வில் ஒரு திருப்பமாகும். ஆதரவற்ற பிராமண விதவை ஒருவரையும் அவருடைய குழந்தையையும் உறவினர் வீட்டை விட்டு வெளியேற்றுகின்றனர். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரர் ஒருவர் அவர்களுக்கு அடைக்கலம் தருகிறார். இதனால் ஊரார் சீற்றம் கொள்கின்றனர். சாதி ஏற்றத்தாழ்வின் பொருளற்ற தன்மையைக் குழந்தையின் வாயிலாகவே படம் எடுத்துரைத்தது.

குழந்தையாக நடித்தவர் சுப்பிரமணியத்தின் உடன்பிறந்தார் மகளான பேபி சரோஜா. அமெரிக்கக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுடன் ஒப்பிட்டுப் பேசப்படும் அளவுக்கு அவர் புகழ் பெற்றார். அக்காலத்தில் தமிழ்நாட்டில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயரிடப்பட்டது.

இப்படத்தில் விதவை வேடத்திற்கு உண்மையிலேயே கணவனை இழந்த பிராமணப் பெண் ஒருவரைச் சுப்பிரமணியம் நடிக்க வைத்தார். விதவைகள் வீட்டின் உட்புறத்தை விட்டு வெளிவருவதையே குற்றமாகக் கருதிய வைதிகர்களுக்கு இது பெரும் சினத்தை உண்டாக்கியது. கும்பகோணம் பகுதிப் பிராமணர்கள் சுப்பிரமணியத்தைச் சாதியிலிருந்து விலக்கி வைத்ததாகத் திரைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதன் பின்னரும் இவர் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

சேவாசதனம்

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் புதினத்தை அடிப்படையாகக் கொண்ட சேவாசதனம் 1938 ஆம் ஆண்டில் வெளியானது. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த முதற்படம் இதுவே. வரதட்சிணை தர இயலாத குடும்பத்தில் பிறந்த இளம்பெண் ஒருத்தி தன்னைவிட மிகவும் மூத்த ஒருவருக்கு மணம் செய்து வைக்கப்படுகிறாள். ஐயம் கொண்ட கணவன் அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறான். இசையும் நாட்டியமும் தொழிலாக இருந்த கணிகையர் உலகை அடையும் அவள், இறுதியில் அத்தகைய பெண்களின் குழந்தைகளுக்கான இல்லத்தின் பணியில் தன்னை ஈடுபடுத்திக் கொள்கிறாள். எஃப். ஜி. நடேச ஐயர் கணவனாக நடித்தார்.

பெண்ணின் வீழ்ச்சிக்கு அவளுடைய ஒழுக்கத்தைக் காரணமாகக் காட்டாமல் வரதட்சிணையையும் பொருந்தா மணத்தையும் காரணமாகக் காட்டியது இப்படத்தின் சிறப்பாகும். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 ஆம் ஆண்டிலும், வரதட்சிணைத் தடைச் சட்டம் இந்தியா முழுமைக்கும் 1961 ஆம் ஆண்டிலுமே இயற்றப்பட்டன.

தியாகபூமி

கதை

கல்கி எழுதிய தியாகபூமி, ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்துகொண்டிருந்தபோதே படமாக்கப்பட்டது. ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் காட்சிகளே தொடர்கதைக்கு விளக்கப்படங்களாக அச்சிடப்பட்டன. இதனால் கதை மாந்தரை முன்னரே அறிந்த வாசகர்கள் திரையரங்குகளுக்குத் திரண்டு வந்தனர்.

ஊர்ப் பெரியவரான சம்பு சாஸ்திரி, புயலால் வீடிழந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்ததற்காக ஊராரால் விலக்கி வைக்கப்படுகிறார். அவருடைய மகள் சாவித்திரி, மேல்நாட்டு நாகரிகத்தில் மூழ்கிய கணவன் ஸ்ரீதரனால் கைவிடப்படுகிறாள். தான் பெற்ற குழந்தையைத் தந்தையிடம் சேர்த்துவிட்டுச் செல்லும் அவள், பின்னர் உமாராணி என்ற பெயரில் செல்வந்தராகத் திரும்பி வருகிறாள். தன்னுடன் சேர்ந்து வாழ வேண்டுமென்று ஸ்ரீதரன் வழக்குத் தொடர்கிறான். அவனுடன் வாழ மறுக்கும் சாவித்திரி, வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள். பின்னர் அவள் விடுதலைப் போராட்டத்தில் இணைகிறாள். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமியும், ஸ்ரீதரனாக கே. ஜே. மகாதேவனும், குழந்தை சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தனர். டி. கே. பட்டம்மாள் பின்னணியில் தேசபக்திப் பாடல் பாடினார்.

அக்காலத்து இந்துச் சட்டத்தில் மணமுறிவுக்கு இடமில்லை. பிரிந்து சென்ற மனைவியைத் தன்னுடன் வாழச் செய்யுமாறு கணவன் நீதிமன்றத்தை நாட முடியும். மணமுறிவு உரிமை, 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் மூலமே இந்தியா முழுவதிலுமுள்ள இந்துப் பெண்களுக்குக் கிட்டியது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, கணவனை மறுக்கும் பெண்ணைக் கதைத்தலைவியாகக் காட்டியதே இப்படம் எழுப்பிய விவாதங்களுக்கு முக்கியக் காரணமாகும்.

வெளியீடும் தடையும்

படத்தில் கதர், காந்தியின் படக்காட்சிகள், தொண்டர்களின் அணிவகுப்பு ஆகியவை வெளிப்படையாக இடம்பெற்றன. இது எவ்வாறு இயன்றது என்பதை அக்கால அரசியலைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். 1918 ஆம் ஆண்டின் சலனப்படச் சட்டத்தின் கீழ்ச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. தேசிய இயக்கத்தைச் சுட்டும் காட்சிகளை இக்குழுக்கள் நீக்கி வந்தன. 1937 ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொறுப்பேற்றபின் தணிக்கையின் கடுமை தளர்ந்தது.

இச்சூழலில் 1939 ஆம் ஆண்டு மே மாதத்தில் தியாகபூமி வெளியானது. அதே ஆண்டு சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். திரையில் காட்டப்பட்ட சிக்கலே தெருவிலும் கோயில் வாயிலிலும் அப்போது நிகழ்ந்து கொண்டிருந்தது.

செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியரைக் கலந்தாலோசிக்காமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து, அக்டோபர் இறுதியில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. மாகாண ஆட்சி ஆளுநரின் கைக்குச் சென்றது. முன்னர் அனுமதிக்கப்பட்ட அதே படம், ஒரு காட்சியும் மாறாத நிலையில், 1940 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

தடை வரவிருப்பதை அறிந்த சுப்பிரமணியமும், படத்தின் விநியோகத்தில் பங்கு கொண்டிருந்த எஸ். எஸ். வாசனும் சென்னை கெயிட்டி திரையரங்கில் கட்டணமின்றித் தொடர்ச்சியாகப் படத்தைத் திரையிட்டனர் என்றும், திரண்ட கூட்டத்தின் மீது காவல்துறையினர் தடியடி நடத்தினர் என்றும் கூறப்படுகிறது. இப்படத்தின் படி ஒன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

படப்பிடிப்பு நிலையமும் பிற்காலப் படங்களும்

சென்னை மவுண்ட் சாலைப் பகுதியில் சுப்பிரமணியம் நடத்தி வந்த படப்பிடிப்பு நிலையம் தீ விபத்துக்கு உள்ளாகி ஏலத்திற்கு வந்தது. அதனை வாங்கிய வாசன் ஜெமினி ஸ்டூடியோவை அங்கு உருவாக்கினார். தடையும் இவ்விழப்பும் அடுத்தடுத்து நிகழ்ந்தபின், சுப்பிரமணியத்தின் படங்களில் புராணக் கதைகள் மீண்டும் மிகுந்தன. கச்ச தேவயானி (1941) டி. ஆர். ராஜகுமாரியைப் புகழ்பெறச் செய்தது. அதே ஆண்டில் மலையாளத்தில் பிரகலாதா படத்தை இயக்கினார். அனந்தசயனம் (1942) படத்தை இயக்கியதுடன் அதில் நடிக்கவும் செய்தார்.

போர்க்காலத்தில் கச்சாப் படச்சுருள் தட்டுப்பாட்டினால் படத் தயாரிப்பு அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்கள் வலியுறுத்தப்பட்டனர். அவ்வகையில் சுப்பிரமணியம் எடுத்த மானசம்ரட்சணம் 1945 ஆம் ஆண்டில் வெளியானது. எந்த அரசு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இவருடைய படத்தைத் தடை செய்ததோ, அதே அரசின் போருக்கு ஆதரவாக இப்படம் அமைந்தது.

அமைப்புப் பணிகள்

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையைத் தோற்றுவித்தவர்களுள் சுப்பிரமணியமும் ஒருவர். தென்னிந்திய நடிகர் சங்கம் உருவாகவும் இவர் முன்னின்று உழைத்தார். 1942 ஆம் ஆண்டில் நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியை நிறுவினார். திரைப்படக் கலைஞர்கள் சமூக மதிப்பற்றவர்களாகக் கருதப்பட்ட காலத்தில், அவர்களை அமைப்பாகத் திரட்ட வேண்டும் என்பதில் இவர் உறுதியாக இருந்தார்.

குடும்பம்

சுப்பிரமணியத்தின் மனைவியர் மீனாட்சி, நடிகை எஸ். டி. சுப்புலட்சுமி ஆகியோர். பரதநாட்டியக் கலைஞரும் ஆய்வாளருமான பத்மா சுப்ரமணியம் இவருடைய மகள். ஆவணப்பட இயக்குநர் எஸ். கிருஷ்ணசாமி இவருடைய மகன்.

மதிப்பீடு

சுப்பிரமணியத்தின் சீர்திருத்தப் பார்வை காந்தியச் சிந்தனையை ஒட்டியது. ஒடுக்கப்பட்ட மக்கள் இவருடைய படங்களில் உதவி பெறுபவர்களாகவே பெரும்பாலும் காட்டப்பட்டனர். மாற்றத்தை முன்னின்று நடத்துபவர்கள் உயர்சாதிக் கதைமாந்தரே. ஆயினும் மேடையிலிருந்து வந்த புராணக் கதைகளைச் சார்ந்திருந்த தமிழ்த் திரைப்படம், தன் காலத்து வீடு, தெரு, நீதிமன்றம் ஆகியவற்றைப் பேசவும் முடியும் என்பதை இவர் நிறுவினார். அதற்கு ஈடாகச் சாதி விலக்கத்தையும் அரசுத் தடையையும் எதிர்கொண்டார்.

இயக்கிய படங்களுள் சில

பவளக்கொடி (1934)
நவீன சதாரம் (1935)
பக்த குசேலா (1936)
பாலயோகினி (1937)
சேவாசதனம் (1938)
தியாகபூமி (1939)
கச்ச தேவயானி (1941)
பிரகலாதா – மலையாளம் (1941)
அனந்தசயனம் (1942)
மானசம்ரட்சணம் (1945)
விகடயோகி (1946)
கோகுலதாசி (1948)
கீத காந்தி (1949)