துப்பாக்கியோடு வந்த பறவை மனிதர்
திருவனந்தபுரம்: பறவைகளுக்காகப் பிரதமர்களிடம் வாதாடிய சலீம் அலி, 1933 ஜனவரியில் திருவிதாங்கூர் காடுகளுக்குள் நுழைந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெயர்ச்சீட்டு கட்டுவதே அன்றைய பறவையியல்.

மும்பையில் 1896-ல் பிறந்த அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பெர்லினில் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, நிதி இல்லையென்று அருங்காட்சியகப் பதவியும் ஒழிக்கப்பட்டிருந்தது. பயணச் செலவு கிடைத்தால் போதும், ஊதியம் வேண்டாம் என்று சமஸ்தானங்களை அணுகினார். ஹைதராபாதை அடுத்துத் திருவிதாங்கூர் இசைந்தது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் என்.ஜி. பிள்ளையும் மனைவி தெஹ்மினாவும் உடன்வர, மறையூரில் பணி தொடங்கியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அன்று அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. எனவே தமிழகத்தின் தென்கோடிப் பறவைகளின் வரலாறும் அந்தக் குறிப்புகளில் உண்டு. அவை 1953-ல் நூலாயின; 1969-ல் கேரளப் பறவைகள் பற்றிய நூலாக விரிந்தன.

துப்பாக்கிக்காக அவர் பின்னாளில் வருந்தியதில்லை. இனங்களை வகைப்படுத்த மாதிரிகள் தேவை, வேட்டைக் களிப்பு வேறு என்பதே அவர் நிலை. ஆனால் காலம் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரிலிருந்து மும்பைக்கு வந்து சேர்ந்த லோக் வான் தோ அவருக்கு நண்பரானார். திரையரங்குகளின் அதிபரான லோக், கூட்டின் அருகே மறைவிடம் அமைத்து, பறவை அஞ்சாமல் குஞ்சுக்கு இரையூட்டும்வரை கேமராவுடன் காத்திருப்பவர். பஞ்சடைத்த தோல் நிறத்தையும் அளவையும் சொல்லும். வாழும் விதத்தைச் சொல்லாது. அதைப் படம் சொன்னது. சலீம் அலியின் பயணங்கள் பலவற்றுக்கு லோக் பொருளுதவியும் செய்தார். 1964-ல் தைவான் விமான விபத்தில் லோக் மறைந்தார்.

சுதந்திர இந்தியாவில் சலீம் அலியின் சொல்லுக்குத் தலைநகரில் மதிப்பிருந்தது. பரத்பூர் சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கும் முயற்சி நேருவின் காலத்தில் கைவிடப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தையும் எதிர்த்தார். மின்சாரமா, காடா என்று மாநிலமே பிளவுபட்டு நின்ற வேளை அது. திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் பறவை வளம் கண்டு வியந்த தட்டேக்காடு, 25 சதுர கி.மீ. பரப்பில் சரணாலயமாயிற்று. அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1985-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1987-ல் மும்பையில் காலமானார். 2009-ல் ஆய்வாளர்கள் அவரது பழைய முகாம்களுக்கே மீண்டும் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தனர்.