33 ஆண்டுகள் பனியில் கிடந்த டயரி

வட துருவத்தைப் பலூனில் கடக்கப் போய் மாண்ட சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே, ஸ்வீடனில் கிரென்னா என்ற சிற்றூரில் 1854-ல் பிறந்தவர். என்ஜினீயருக்குப் படித்தவர். ஆனாலும் 1876-ல் அமெரிக்கா சென்று, பிலடெல்பியா பொருட்காட்சியில் ஸ்வீடன் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். பலூன் மோகம் பிடித்தது அங்கேதான். ஊர் திரும்பியபின் பேட்டண்ட் ஆபீசில் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாயார் மீது உயிர்.

துருவப் பயணத்துக்கு மன்னர் ஆஸ்காரும் ஆல்பிரட் நோபலும் பணம் கொடுத்தார்கள். 1896-ல் காற்று ஒத்துவரவில்லை. பலூனில் வாயு கசிகிறது என்று கூட்டாளி எக்ஹோல்ம் விலகிக்கொண்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க ஆந்த்ரேக்கு மனம் வரவில்லை போலும். 1897-ல் தாயார் காலமானார். அதே ஆண்டு ஜூலை 11-ல் ஸ்டிரிண்ட்பெர்க், பிரெங்கெல் என்ற இரு வாலிபர்களுடன் பறந்தார். ஒரு புறாவும் சில மிதவைகளும் கொண்டுவந்த ஆரம்பச் செய்திகளோடு சரி.

1930 ஆகஸ்டில் நார்வேக் கப்பல் ஒன்றின் ஆட்கள் வெள்ளைத் தீவில் அவர்களது முகாமைக் கண்டார்கள். ஆந்த்ரேயின் சட்டைக்குள் கம்பளி சுற்றிய டயரி இருந்தது. மூன்றே நாளில் பலூன் பனியில் இறங்கிவிட்டதும், ஸ்லெட்ஜ் வண்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டு மாதம்போல் அலைந்ததும் அதில்தான் தெரிந்தது. காமிராச் சுருள்களைக் கழுவியதில் 93 படங்கள் தேறின. சரிந்து கிடக்கும் பலூனை இருவர் நின்று பார்க்கும் படமும் அவற்றில் ஒன்று. ஸ்டிரிண்ட்பெர்க்கின் இருதய வடிவப் பதக்கத்தில், அவருக்கு நிச்சயித்த பெண் அன்னாவின் படமும் கூந்தல் இழையும் இருந்தன. அன்னா பல ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, ஆங்கிலேயர் ஒருவரை மணந்திருந்தார்.

அக்டோபரில் மூவரின் உடல்களும் ஸ்டாக்ஹோம் வந்து தகனமாயின. முகாமில் உணவும் தோட்டாவும் மிச்சமிருந்தன. எதனால் மாண்டார்கள் என்பது மட்டும் டயரியில் இல்லை.