டால்ஸ்டாயின் இறுதி யாத்திரை

இல்லறத்தில் நின்றவாறே துறவுள்ளம் பூணுதல் அரிது. அத்துறவால் உடன் வாழ்வார் உள்ளம் புண்படாது காத்தல் அதனினும் அரிது. இதற்குச் சான்றாய் அமைந்தது இரஷ்ய நாவலாசிரியர் லியோ டால்ஸ்டாய் பெருமகனாரின் இறுதிக்கால வாழ்வு.

1828ஆம் ஆண்டு யாஸ்னயா பொல்யானாவில் பிரபுக் குடும்பத்திற் பிறந்த அவர், 1862இல் சோபியா அம்மையாரை மணந்தார். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' என்னும் பெருநாவல்கள் அவ்வில்லற நிழலிலேயே எழுந்தன. கணவரின் கையெழுத்துப் படிகளை மீண்டும் மீண்டும் செவ்வையாய்ப் பெயர்த்தெழுதியவர் அம்மையாரே. மக்கள் பதின்மூவரை ஈன்றவரும் அவரே.

ஐம்பது வயதை அடுத்து டால்ஸ்டாயின் உள்ளம் மாறிற்று. செல்வம் பாவமெனத் தோன்றிற்று. உழவர் உடை அணிந்தார், புலால் மறுத்தார், இன்னா செய்யாமையைப் பேரறமாகப் போற்றினார். 1881க்குப் பின் தாம் எழுதிய நூல்களின் உரிமையை 1891இல் பொதுமக்களுக்கே விடுத்தார். 1908இல் தாரக்நாத் தாஸ் என்னும் இந்தியருக்கு வரைந்த நெடுங் கடிதத்தில் நம் திருக்குறளையும் எடுத்தாண்டார். அக்கடிதத்தைக் காந்தியடிகள் குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

எனினும் அவர் வீட்டில் அமைதி நிலவவில்லை. பெருங் குடும்பத்தைப் புரக்கவேண்டிய அம்மையார் முன்னைய நூல்களின் உரிமையை விட மறுத்தார். சீடர் செர்த்கோவோ எல்லா நூல்களையும் உலகுக்கே உரியனவாக்க விழைந்தார். 1910இல் டால்ஸ்டாய் மனைவி அறியாது, காட்டிடை அமர்ந்து மரணசாதனத்தில் ஒப்பமிட்டார். வாய்மையை ஓதியவர் மறைவிற் செய்த அச்செயல் அவர் நெஞ்சையே உறுத்திற்று.

அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் விடியுமுன், 82 வயதினரான அவர் மருத்துவர் ஒருவருடன் இல்லம் நீங்கினார். துறவுமடத்தில் வாழ்ந்த தங்கையைக் கண்டபின் புகைவண்டி ஏறியவர், வழியில் நுரையீரல் அழற்சியுற்று, அஸ்தாபவோ நிலையத்தில் இறங்கி, நிலைய அதிபரின் இல்லத்திற் படுக்கையானார். அம்மையார் தனிவண்டியில் விரைந்து வந்தார். ஆயினும் கணவர் நினைவிழக்கும்வரை உள்ளே விடப்பட்டிலர். 20ஆம் நாள் டால்ஸ்டாய் உயிர் நீத்தார். இத்துயர வரலாற்றையே 2009இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஸ்டேஷன்' என்னும் திரைப்படம் சித்திரிக்கின்றது.

சிலுவையும் கல்லும் இன்றிப் புல் மூடிய மேடாக அவர் சமாதி பிறந்த மண்ணிலே உளது. எல்லா மாந்தரும் இன்புற்று வாழும் இரகசியம் பொறித்த பச்சைக்கோல் ஒன்று புதைந்திருப்பதாக, இளமையில் அவர் தமையன் கூறிய இடம் அதுவே. உலகுக்காக அக்கோலைத் தேடியவர் தம் மனையில் அதனைக் கண்டாரல்லர். அதனால் அவர் பெருமை குன்றாது. ஆயினும் உயர்ந்த கொள்கையை மேற்கொள்ளும் இளைஞர், அதன் சுமையைத் தம்முடன் தாங்குவோர் யாவர் என்பதையும் எண்ணுதல் கடனாகும்.