செக்கிழுத்தவருக்குக் கை கொடுத்தவர்கள்



வ.உ.சி.ன்னு சொன்னா நமக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். இம்முறை அவருடைய சிறை வாழ்க்கையையும், அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டையும் சொல்கிறேன்.

1872 செப்டம்பர் 5-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடியில் வக்கீல். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்கு வெள்ளையருக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். அரசாங்கம் சும்மா இருக்குமா? அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை மொத்தம் 40 ஆண்டு. அப்போது அவருக்கு வயசு 35. செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருத்தர் உள்ளே போனால் வீடே தண்டனை அனுபவிக்கிறது.

கோயம்புத்தூர் சிறையில் சணல் இயந்திரம் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்க வைத்தார்கள். அடுத்து கண்ணனூர்ச் சிறை. அங்கும் மனசு உடையாமல் காத்தது எழுத்துதான். செய்யுள் எழுதினார்; ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கினார்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வரவேற்கக் கூட்டம் இல்லை. கம்பெனி போச்சு, வக்கீல் உரிமமும் போச்சு. வறுமை வாட்டியது.

அப்போது கை கொடுத்தவர்கள் யார்? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, காந்தி வழியாக 1916-இல் அவருக்குக் கிடைத்தது. நம்ம தாத்தா பாட்டி மாதிரியே கூலிகளாகக் கப்பலேறிய சமூகம் அது. பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உரிமத்தைத் திரும்பப் பெற உதவினார். நன்றியாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. மீண்டும் கோர்ட்டுக்குப் போனார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

நம் நாட்டில் 2023-இல் சட்டம் மாறி, சாகும்வரை சிறை என்பதற்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு என்று வந்திருக்கிறது. வ.உ.சி. கேட்ட அதே 40! அவர் போனது நாட்டுக்காக. நம் பையன்கள் சிலர் போகும் காரணம் வேறு. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் அவர்களும் ஒருநாள் வெளியே வருவார்கள்.

சுங்கை ஊடாங் சிறை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜாசினோ அலோர் காஜாவோ, உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் ஒதுக்காதீங்க. மகனைப் பார்க்கப் போகிற அம்மாவுக்குக் காரில் இடம் கொடுங்க. பிள்ளைகளின் படிப்பைக் கவனிங்க. அவன் வெளியே வந்ததும், தெரிந்த இடத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி விடுங்க.